உறையில் ஒரு பெயர், மைக்கில் பல குரல்கள்: ஹிப் ஹாப் தயாரிப்பாளரின் தனி ஆல்பம் யாருடைய படைப்பு?

1988இல் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ‘இன் கண்ட்ரோல், வால்யூம் 1’ ஆல்பம் மார்லி மார்ல் என்பவரின் பெயரில் வந்தது. கேட்கத் தொடங்கினால் காதில் விழுபவை வேறு பலரின் குரல்கள். மார்லி மார்ல் ராப்பர் அல்லர், ராப்புக்கு அடியில் ஓடும் இசையான பீட்டை அமைப்பவர். சொல்லும் குரலும் அந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையும் அழைக்கப்பட்டு வந்தவர்களுடையவை. இப்படிப்பட்ட ஆல்பத்தை யாருடைய படைப்பு என்று சொல்வது?

கேள்வி எளிதாகத் தோன்றினாலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு ஒத்துப்போகாத பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. தயாரிப்பாளரை இசையமைப்பாளர் என்கிறார்கள் சிலர். சினிமா இயக்குநரோடு வைத்துப் பார்க்கிறார்கள் சிலர். படைப்பாளி என்று ஒருவரைத் தனியே பிரிப்பதே பிழை என்ற வாதமும், எல்லாம் சந்தைக்காகச் செய்த ஏற்பாடு என்ற வாதமும் உண்டு. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்ப்பதே இங்கு நோக்கம். இக்கட்டுரையில் தயாரிப்பாளர் என்பது முதல் போடுபவரைக் குறிக்காது. பீட்டை உருவாக்கி, பதிவை நடத்தி, மிக்ஸிங் வரை உடனிருப்பவரையே குறிக்கும்.

முதலில் முன்னால் நின்றவர் யார்?

ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகப் பலரும் கொள்வது 1973 ஆகஸ்ட் 11. பிராங்ஸ் பகுதியில் 1520 செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பில் நடந்த விருந்தில் அன்று இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் டிஜே கூல் ஹெர்க். கூட்டம் வந்தது அவருக்காகத்தான். மைக்கில் பேசியவர் கூட்டத்தை உசுப்பேற்றும் துணையாள். அந்த நாட்களின் சுவரொட்டிகளிலும் டிஜேக்களின் பெயர்களே பெரிதாக இருந்தன.

இசைத்தட்டு வணிகம் உள்ளே வந்ததும் வரிசை தலைகீழானது. 1979இல் பெருவெற்றி பெற்ற ‘ராப்பர்ஸ் டிலைட்’ பதிவில் டிஜேவுக்கு வேலையே இல்லை. ஸ்டுடியோ இசைக்கலைஞர்கள் தாளத்தை வாசித்தார்கள், மூவர் ராப் செய்தார்கள். 1982இல் வந்த ‘தி மெசேஜ்’ இன்னும் விசித்திரமான நிலையைக் காட்டுகிறது. தட்டில் இருந்தது கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ் என்ற பெயர். பதிவில் டிஜேவான ஃப்ளாஷின் பங்கு கிடையாது. மெல்லி மெல், டியூக் பூட்டி இருவரின் குரலும் எழுத்துமே அதைத் தாங்கின. அரங்கில் தலைவராக இருந்த டிஜே, தட்டில் வெறும் பெயராகிவிட்டார்.

தயாரிப்பாளரின் தனி ஆல்பத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அது இழந்த இடத்தை மீட்கும் முயற்சியாகத் தெரிகிறது. மார்லி மார்ல் அதற்குத் தகுதியானவர். பழைய தட்டிலிருந்து ஒரே ஒரு டிரம் அடியை மட்டும் சாம்பிளரில் பிடித்து அதைத் தன் விருப்பப்படி அடுக்கலாம் என்று காட்டிய பெருமையைப் பலரும் அவருக்கே தருகிறார்கள். அதுவரை பெரும்பாலோர் டிரம் மெஷின் தந்த ஒலியையே பயன்படுத்தினார்கள். அதன்பின் யாருடைய பழைய தட்டும் டிரம்மாக மாறலாம் என்றானது.

அந்த ஆல்பத்தின் ‘தி சிம்ஃபனி’ என்ற டிராக்கைச் சற்று நெருங்கிக் கேட்கலாம். ஓட்டிஸ் ரெடிங் பாடிய ‘ஹார்ட் டு ஹேண்டில்’ பாட்டிலிருந்து எடுத்த ஒரு சின்னப் பியானோத் துணுக்கு சுற்றிச் சுற்றி வருகிறது. மாஸ்டா ஏஸ், கிரெய்க் ஜி, கூல் ஜி ராப், பிக் டாடி கேன் என நால்வர் ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். சேர்ந்து பாடும் பல்லவி கிடையாது. அப்போது புதியவரான ஏஸ் நிதானமாகத் தொடங்குகிறார். கூல் ஜி ராப் அசைகளை நெருக்கியடித்து மூச்சுமுட்டச் சொல்கிறார். அந்த நெருக்கடிக்குப் பிறகு கேன் வந்து நிற்கும்போது அவருடைய அலட்டாத நடை இரட்டிப்பாக எடுபடுகிறது. பியானோ இதற்கெல்லாம் அசைந்து கொடுப்பதில்லை. அது மாறாமல் இருப்பதால்தான் நால்வருக்கும் இடையிலுள்ள வேறுபாடு கேட்கிறது. மார்லி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனாலும் யாரை அடுத்து யார், எந்தத் தரையில் நிற்பது என்ற அமைப்பு சொற்களின் பொருளையே தொடுகிறது. இந்த டிராக்கை அளவுகோலாக வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வாதங்களை எடைபோடுவது எளிது.

ஹிப் ஹாப்புக்கு முந்தைய உறவுகள்

பல பாடகர்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து தன் ஒலியால் மூடும் தயாரிப்பாளர் ஹிப் ஹாப்பின் கண்டுபிடிப்பு அல்ல. ஃபில் ஸ்பெக்டரின் கிறிஸ்துமஸ் ஆல்பம் 1963 நவம்பர் 22 அன்று வெளியானது. ரொனெட்ஸ், கிறிஸ்டல்ஸ், டார்லீன் லவ் என்று பலர் பாடினாலும் ஆல்பம் முழுக்க ஸ்பெக்டரின் அடர்ந்த ஒலிச்சுவரே நிற்கிறது. அதன் கடைசி டிராக்கில் அவரே பேசவும் செய்கிறார். அதே ஸ்பெக்டர், 1962இல் டார்லீன் லவ் பாடிய ‘ஹீ இஸ் எ ரெபெல்’ பாட்டைக் கிறிஸ்டல்ஸ் குழுவின் பெயரில் வெளியிட்டார். தயாரிப்பாளரின் கை ஓங்கும்போது பாடியவரின் பெயரே மறையலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு கிளை ஜமைக்காவிலிருந்து வருகிறது. கிங் டப்பியும் லீ பெர்ரியும் பதிவான பாட்டிலிருந்து குரலை உருவி, எதிரொலியைக் கூட்டி, மிக்ஸிங் மேசையையே வாத்தியமாக்கினார்கள். குரல் நீங்கிய தட்டின்மேல் யு-ராய் போன்றவர்கள் புதிதாகப் பேசிப் பாடினார்கள். கூல் ஹெர்க் கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் பிராங்ஸுக்குக் குடிபெயர்ந்தவர் என்பதால் இந்த உறவை வெறும் ஒப்புமை என்று தள்ளிவிட முடியாது.

குயின்சி ஜோன்ஸின் ‘பேக் ஆன் தி பிளாக்’ (1989) ஜாஸ் மூத்தவர்களான எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டையும் மைல்ஸ் டேவிஸையும், ஐஸ்-டி, பிக் டாடி கேன் போன்ற ராப்பர்களையும் ஒரே ஆல்பத்துக்குள் அமர்த்தியது. 1991இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தபோது, தயாரிப்பாளரை ஆல்பத்தின் உரிமையாளராக ஏற்பதில் பொதுரசனைக்குப் பெரிய தயக்கம் இருக்கவில்லை. ஹிப் ஹாப்பில் மட்டும் தயக்கம் ஏன் நீடித்தது? ராப்பில் குரல் என்பது சாட்சியம் என்று கருதப்படுவதே முக்கியக் காரணமாகத் தோன்றுகிறது. பாடகர் பிறர் எழுதியதைப் பாடலாம். ராப்பர் தன் கதையைத் தானே சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது.

இசையமைப்பாளர் என்ற வாதம்

இந்த வாதத்தின் நூல்வடிவங்களில் ஒன்று வர்ஜில் மூர்ஃபீல்டின் ‘தி புரொட்யூசர் ஆஸ் கம்போசர்’ (2005). ஒலியைப் பதிவது என்ற நிலையிலிருந்து ஒலியை இயற்றுவது என்ற நிலைக்குத் தயாரிப்பாளர் நகர்ந்த வரலாற்றை அது ஸ்பெக்டரிலிருந்து தொடங்குகிறது. அதற்கு ஓராண்டு முன் வந்த ஜோசப் ஷ்லாஸின் ‘மேக்கிங் பீட்ஸ்’ வேறு வழியில் போகிறது. தயாரிப்பாளர்களிடமே பேசி, அவர்களுக்குள் எழுதப்படாத சட்டங்கள் இருப்பதை அது காட்டியது. இன்னொருவர் ஏற்கெனவே எடுத்த சாம்பிளை அப்படியே எடுக்கக் கூடாது, இன்னொரு ஹிப் ஹாப் தட்டிலிருந்து திருடக் கூடாது என்பவை அவற்றுள் சில. ட்ரிஷா ரோஸ் 1994இலேயே ‘பிளாக் நாய்ஸ்’ நூலில், ஒலியை அடுக்குவதும் ஓட்டத்தை வேண்டுமென்றே அறுப்பதும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பண்பாட்டின் அழகியல் என்று வாதிட்டிருந்தார். மூன்றும் சேர்ந்து பீட் செய்பவரை எந்திரத்தை இயக்குபவர் என்ற நிலையிலிருந்து மீட்டன. இது பெரிய பணி.

இந்த வாதத்துக்கு வலுவான சான்றுகள் குரல் குறைந்த ஆல்பங்கள். டிஜே ஷேடோவின் ‘எண்ட்ரொட்யூசிங்’ (1996) ஏறத்தாழ முழுவதும் சாம்பிள்களால் ஆனது. ஜே டில்லாவின் ‘டோனட்ஸ்’ அவருடைய 32ஆம் பிறந்தநாளான 2006 பிப்ரவரி 7 அன்று வெளியானது. மூன்று நாள் கழித்து அவர் இறந்தார். 31 டிராக்குகள், விருந்தினர் யாருமில்லை. பழைய பாடகர்களின் துண்டுபட்ட குரல்களே அங்கே பேசுகின்றன.

வாதத்தின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. பீட்டே முழுமையான இசைப்படைப்பு என்றால் விருந்தினர் எதற்கு? டில்லாவிடமே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ‘டோனட்ஸ்’ ஆல்பத்தில் ‘பை’ என்ற டிராக் ஐஸ்லி பிரதர்ஸ் பாட்டு ஒன்றின் சாம்பிளில் நிற்கிறது. அதே சாம்பிளின்மேல் காமனின் ராப்பும் டி’ஏஞ்சலோவின் பாட்டும் ஏறிய வடிவம் ‘சோ ஃபார் டு கோ’ என்ற பெயரில் அதே ஆண்டு வந்த ‘தி ஷைனிங்’ ஆல்பத்தில் இருக்கிறது. முதலாவதில் சாம்பிளில் உள்ள குரல் எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்கிறது. அந்தத் திக்கல்தான் அதன் உணர்ச்சி. இரண்டாவதில் அதே திக்கல் காதல் பேச்சுக்குப் பின்னணியாக அமைகிறது. ஒரே கை, ஒரே மூலம், இரண்டு வெவ்வேறு படைப்புகள். விருந்தினர் பீட்டின்மேல் வைத்த அலங்காரம் என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று, டில்லா இறந்தபோது ‘தி ஷைனிங்’ முடிந்திருக்கவில்லை. டிரம் கலைஞர் கரீம் ரிகின்ஸ் அதை முடித்துக்கொடுத்தார். இயற்றியவர் ஒருவரே என்ற கணக்கு அங்கே மேலும் நெகிழ்கிறது.

சாம்பிளின் சட்டநிலையும் வாதத்தைச் சங்கடப்படுத்துகிறது. ராப்பர் பிஸ் மார்க்கி சம்பந்தப்பட்ட 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு அனுமதியில்லாத சாம்பிளைத் திருட்டாகவே பார்த்தது. அதன்பின் சாம்பிளுக்கு முன்அனுமதி வாங்குவது தொழிலின் நடைமுறையாயிற்று. எழுதியவர் பட்டியலில் பழைய பாட்டின் ஆசிரியர் பெயர் முன்னால் வரும் ஒரு பீட்டை இவர் இயற்றியது என்று முழங்குவதற்கு அழகியல் துணை நிற்கலாம், ஆவணம் துணை நிற்பதில்லை.

இயக்குநர் என்ற வாதம்

சினிமாவில் இயக்குநரே ஆசிரியர் என்ற கருத்தை 1954இல் த்ரூஃபோ பிரான்ஸில் கிளப்பினார். 1962இல் விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார், மறு ஆண்டே இன்னொரு விமர்சகரான பாலின் கேல் அதைக் கடுமையாகத் தாக்கினார். ஹிப் ஹாப் எழுத்தில் இந்த ஒப்பீடு அதிகம் ஒட்டிக்கொண்டது தயாரிப்பாளர் டாக்டர் டிரேவிடம். ‘தி கிரானிக்’ (1992) பல விருந்தினர்களைக் கொண்ட ஆல்பம். அப்போது அதிகம் அறியப்படாத ஸ்னூப் டாக் அதில் பெரும்பாலான டிராக்குகளில் வருகிறார். ஆனாலும் தாழ்ந்து உருளும் பாஸ், மேலே கீச்சிடும் சிந்தசைசர், அவசரமில்லாத தாளம் என்று ஆல்பம் முழுவதும் ஒரே வெயிலில் நிற்கிறது. யார் பேசினாலும் அந்த வெயிலில்தான் பேசுகிறார்கள்.

இந்த வாதத்தை அப்படியே நிகழ்த்திக் காட்டியவர் பிரின்ஸ் பால். ‘எ பிரின்ஸ் அமங் தீவ்ஸ்’ (1999) தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு கதை. தன் இசைப்பதிவுக்குப் பணம் தேடும் இளைஞன் போதைப்பொருள் வணிகத்துக்குள் இழுக்கப்படுகிறான். விருந்தினர்கள் தங்களாகவே வருவதில்லை, பாத்திரங்களாக வருகிறார்கள். பிக் டாடி கேன் தரகராகிறார், கூல் கீத் ஆயுத வியாபாரியாகிறார், எவர்லாஸ்ட் போலீஸ்காரராகிறார். ராப்பர் தன் சொந்தக் கதையையே சொல்வார் என்ற எதிர்பார்ப்பை இதைவிடத் துணிந்து ஒதுக்கிய தயாரிப்பாளர் ஆல்பம் அரிது. தகுதிக்கு ஏற்ற கவனம் அதற்கு இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

கேல் சினிமாவில் சுட்டிய குறை இங்கும் பொருந்துகிறது. ஒருவரை ஆசிரியராக்கினால் மற்றவர்களின் உழைப்பு இருளுக்குப் போகிறது. ‘தி கிரானிக்’ ஆல்பத்தின் பாஸிலும் கீபோர்டிலும் காலின் உல்ஃபின் விரல்கள் இருக்கின்றன. சொற்களில் தி டி.ஓ.சி.யின் எழுத்து இருக்கிறது. 1999இல் வந்த டிரேவின் ‘2001’ ஆல்பத்தின் ‘ஸ்டில் டி.ஆர்.இ.’ பாட்டை அறியாதவர்கூட அதன் பியானோவை அறிவார்கள். அதை வாசித்தவர் ஸ்காட் ஸ்டார்ச். தான் இன்னும் களத்தில் இருப்பதாக டிரே தன்மையில் பேசும் அந்த வரிகளை எழுதியவர் ஜே-இஸட். இங்கே டிரேவின் பங்கு என்ன? இவர்களைத் தேர்ந்து, திரும்பத் திரும்பப் பாடவைத்து, போதாதவற்றை எறிந்து, எஞ்சியதை ஓர் ஒலியாக்கியது. அது சிறிய பங்கு அல்ல. ஆனால் அந்தப் பங்கைப் போற்றுவதற்கு ஸ்டார்ச்சின் பெயரை அடிக்குறிப்பில் தள்ள வேண்டிய அவசியம் இல்லை. அப்படித் தள்ளும் பழக்கம் இந்த வாதத்தோடு ஒட்டியே வந்திருக்கிறது.

கூட்டுழைப்பு என்ற வாதம்

சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் ‘ஆர்ட் வேர்ல்ட்ஸ்’ (1982) நூலில் எந்தக் கலையும் பலர் ஒத்துழைத்து நடத்தும் வேலை என்றார். இதன்படி மார்லியின் ஆல்பம் ஜூஸ் க்ரூ என்ற கூட்டத்தின் ஆல்பம். டில்லாவின் ‘வெல்கம் டு டெட்ராய்ட்’ (2001) டெட்ராய்ட் நகரத்து நட்புவட்டத்தின் ஆல்பம். தயாரிப்பாளர் பீட் ராக்கின் ‘சோல் சர்வைவர்’ (1998) நியூயார்க் ராப்பின் ஒரு பருவத்தைத் திரட்டிய ஆல்பம். நேர்மையான வாதம் இது. எந்த ஸ்டுடியோவுக்குள் போனாலும் நிலைமை இப்படித்தான் இருக்கும்.

ஆனால் கூட்டு என்று சொல்லிவிட்டால் கூட்டுக்குள் யாருக்கு என்ன அதிகாரம் என்ற கேள்வி அமுங்கிவிடுகிறது. தமிழ் வாசகர்கள் இதை அண்மையில் பார்த்திருக்கிறார்கள். 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடகி தீயின் பெயரில், உடன் ராப்பர் அறிவு என்று வெளியானது. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். அதே ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு இல்லாதது கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு மேடையேறியபோது, இயற்றியதும் எழுதியதும் பாடியதும் தான் என்று அறிவு வெளிப்படையாக எழுதினார். மூவரின் கூட்டு உழைப்பு என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் தந்தார். தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையைப் பாட்டுக்குள் கொண்டுவந்த ராப்பருக்கு, கூட்டு என்ற சொல் எவ்வளவு நியாயமாக ஒலித்தாலும் போதாமல் இருக்கலாம் என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. அது தயாரிப்பாளர் ஆல்பம் அல்ல, தனிப் பாட்டு. ஆனாலும் பிரச்சினையின் முடிச்சு அதேதான்.

பெண்களின் இடத்தையும் கூட்டுழைப்பு வாதம் பெரிதாக விசாரிப்பதில்லை. ஜூஸ் க்ரூவில் ரொக்ஸான் ஷாண்டே இருந்தார். ‘தி சிம்ஃபனி’ வரிசையில் அவர் இல்லை. ‘தி கிரானிக்’ ஆல்பத்தில் லேடி ஆஃப் ரேஜ் வரும்போதெல்லாம் சூடு ஏறுகிறது, ஆனால் அவர் வருவது சில இடங்களில்தான். பெண் தயாரிப்பாளர் ஒருவர் தன் பெயரில், தன் ஒலியில், ராப்பர்களை விருந்தினராக அழைத்து வெளியிட்ட ஆல்பங்கள் இந்த வகையின் வரலாற்றில் மிகக் குறைவாகவே பேசப்படுகின்றன. அழைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேட்காமல் படைப்பாளி யார் என்ற கேள்வியை மட்டும் தனியே பிரித்தெடுப்பது சரியாகாது.

சந்தை ஏற்பாடு என்ற வாதம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பெரிய பெயர்களைப் பட்டியலிட்டுத் தொகுத்த ஆல்பத்துக்கு முகப்பாக ஒருவர் நிற்கிறார், அவ்வளவே என்பது வாதம். இதற்கு உடனே காட்டப்படுபவர் டிஜே காலித். 2014 டிசம்பரிலிருந்து பில்போர்ட் ஆல்பம் பட்டியல் ஸ்ட்ரீமிங்கையும் கணக்கில் சேர்ப்பதால், ஒவ்வொரு விருந்தினரும் தம் கேட்போரை உடன் அழைத்துவருவது எண்ணிக்கைக்கு உதவுகிறது என்ற ஐயமும் நியாயமானதே. தயாரிப்பாளர் மெட்ரோ பூமினின் ‘நாட் ஆல் ஹீரோஸ் வேர் கேப்ஸ்’ (2018), ‘ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்’ (2022) இரண்டும் முதலிடம் பிடித்தன.

ஆனால் அதே மெட்ரோவை வைத்தே வாதத்தின் குறையையும் காட்டலாம். ‘ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்’ டிராக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியாமல் வழிகின்றன, நடிகர் மார்கன் ஃப்ரீமேனின் குரல் இடையிடையே கதை சொல்கிறது, ஆல்பம் ஒரே நிறத்தில் முடிகிறது. வணிகக் காரணத்துக்காகச் செய்த காரியத்தில் கலை இருக்க முடியாது என்று எந்த விதியும் இல்லை. சந்தை வாதம் ஏன் இவ்வகை ஆல்பங்கள் பெருகின என்பதை விளக்குகிறது. ஒன்று ஏன் நன்றாக இருக்கிறது, இன்னொன்று ஏன் பட்டியலாகவே நின்றுவிடுகிறது என்பதை விளக்க அதனால் இயலவில்லை.

எஞ்சி நிற்பவை

நான்கு வாதங்களையும் வைத்துப் பார்க்கும்போது, தயாரிப்பாளரின் படைப்பாற்றல் பீட்டுக்குள் மட்டும் இல்லை, சந்திப்புகளை அமைப்பதில் இருக்கிறது என்ற முடிவுக்கே நான் சாய்கிறேன். எந்த ஒலியின்மேல் எந்தக் குரல், யாருக்குப் பின் யார், எது வெட்டப்பட்டது என்பவற்றைக் காதால் கேட்டே அறியலாம். ஒரு விருந்தினரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைத்தால் ஆல்பம் உடைகிறதா என்று பார்ப்பது பயனுள்ள சோதனை. ‘தி சிம்ஃபனி’ உடையும். ‘எ பிரின்ஸ் அமங் தீவ்ஸ்’ உடையும். பல நட்சத்திரத் தொகுப்புகள் உடையாது. ஆக, ஒட்டுமொத்த வகைக்கும் ஒரே பதில் கிடைக்கும் என்று தோன்றவில்லை. ஆல்பம் ஆல்பமாகத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். இந்த முடிவிலும் ஓட்டை உண்டு. தேர்வு எவருடையது என்று வெளியிலிருந்து நமக்கு எப்போதும் தெரிவதில்லை. விருந்தினரை நிறுவனம் அழைத்திருக்கலாம், வரிசையை மேலாளர் முடிவுசெய்திருக்கலாம்.

பங்களிப்பு விவரங்கள் இந்த இருளைச் சற்று நீக்கக்கூடும். ஸ்பாடிஃபை 2018இல் எழுதியவர், தயாரித்தவர் பெயர்களைக் காட்டத் தொடங்கியது. ஆனால் பாஸ் வாசித்தவர் யார் என்பதைப் பழைய ஆல்பத்தின் உறைத்தாள் சொன்ன அளவுக்குக்கூடச் செயலிகள் பல நேரங்களில் சொல்வதில்லை. இது தொழில்நுட்பத்தால் ஆகாத காரியம் அல்ல. காலின் உல்ஃப் போன்றவர்களின் பெயர் பாட்டோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

குரல் பற்றிய கேள்வி இன்னும் கடினம். 2023 ஏப்ரலில் டிரேக், தி வீக்எண்ட் இருவரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் போலிசெய்த பாட்டு ஒன்று பரவி, நீக்கப்பட்டது. வராத விருந்தினரின் குரல் வந்துவிடும் என்றால், சந்திப்பு நடந்ததா என்பதே கேள்விக்குரியதாகிறது. 2024 மே மாதத்தில் மெட்ரோ பூமின் வேறொரு எல்லையைத் தொட்டார். டிரேக்கைச் சீண்டும் ‘பிபிஎல் டிரிஸி’ என்ற பீட்டை இலவசமாக வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் அதன்மேல் ராப் செய்யலாம், சிறந்ததற்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார். அந்த பீட்டில் சாம்பிளாக ஒலிக்கும் பாட்டு, நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் எழுதிய வரிகளுக்குச் செயற்கை நுண்ணறிவு தந்த குரலும் இசையும். பாடியவர் என்று அதில் யாருமில்லை. விருந்தினரையும் மெட்ரோ தேர்ந்தெடுக்கவில்லை, ஊரையே அழைத்தார். யாரை அழைப்பது, யாருக்குப் பின் யாரை நிறுத்துவது என்பதில்தான் தயாரிப்பாளரின் கையெழுத்து இருக்கிறது என்று நான் மேலே சொன்னேன். அந்த இரண்டையும் அவர் கைவிட்ட பிறகு அந்த பீட்டின்மேல் வந்து குவிந்த ராப்கள் யாருடைய படைப்பு என்பதற்கு, இங்கே பார்த்த நான்கு வாதங்களில் எதிலும் பதில் இல்லை.